டபிள்யூ-2ல பாக்ஸ் 1, 3, 16 மூணுலயும் மூணு விதமா சம்பளம் போட்டிருக்கு, எது தாங்க என் சம்பளம்?

எடிசன்_புதுசு | பிப்ரவரி 3, 2026

மக்களே வணக்கம். ரொம்ப நாளா சத்தமில்லாம படிச்சிட்டு மட்டும் இருந்தவன், இது தான் மொத கேள்வி, சின்னப்புள்ளத்தனமா இருந்தா மன்னிச்சிருங்க.

நியூ ஜெர்சியில இருக்கேன், எச்-1பி, ஆபீசும் இங்கயே தான். 2024 நடுவுல வந்தேன், அந்த வருஷ டேக்ஸ ஒரு சிபிஏகிட்ட குடுத்துட்டு அவர் காட்டுன எடத்துல கையெழுத்து போட்டதோட சரி. வொய்ஃப் 2024 டிசம்பர்ல எச்-4ல வந்தாங்க, வேலைக்குப் போகல. இந்த வாட்டி 2025க்கு நாமளே பண்ணிப் பாப்போமேன்னு டபிள்யூ-2வ (சம்பளமும் பிடிச்ச வரியும் போட்டு கம்பெனி வருஷா வருஷம் குடுக்குற ஃபார்ம்) கையில எடுத்தா எடுத்த எடுப்புலயே மாட்டிக்கிட்டேன்.

ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா 4,200 டாலர், மொத்தம் 26 பேசெக், அது 109,200. மார்ச்ல போனஸ் 3,000. ஆக 112,200. டிசம்பர் கடைசி பேஸ்டப்ல (சம்பள ஸ்லிப்) ஒய்டிடி கிராஸ்னு, அதாவது வருஷ ஆரம்பத்துல இருந்து மொத்த சம்பளம்னு, அதே 112,200 தான் இருக்கு. ஆனா டபிள்யூ-2ல இப்படி இருக்கு:

பாக்ஸ் 1: 97,388.00
பாக்ஸ் 2: 13,039.36
பாக்ஸ் 3, பாக்ஸ் 5: ரெண்டுலயும் 106,364.00
பாக்ஸ் 4: 6,594.57
பாக்ஸ் 6: 1,542.28
பாக்ஸ் 16 (நியூ ஜெர்சி): 103,368.00

மூணு எடத்துல மூணு சம்பளம், அதுல ஒண்ணு கூட 112,200 இல்ல!! பாக்ஸ் 1ஐ எடுத்துக்கிட்டா கிட்டத்தட்ட 15,000 டாலர காணோம். எச்ஆருக்கு மெயில் போட்டா "உங்க டபிள்யூ-2 சரியாத்தான் இருக்கு, எங்களால டேக்ஸ் அட்வைஸ் குடுக்க முடியாது"ன்னு ஒத்த வரியில முடிச்சிட்டாங்க. நான் எங்க அட்வைஸ் கேட்டேன், என் காசு எங்கன்னு தானே கேட்டேன்.

ஊர்ல ஃபார்ம் 16 வாங்கினா மேல கிராஸ் இருக்கும், கீழ வரிசையா எதை எதை கழிச்சோம்னு இருக்கும், பாத்தா புரியும். இதுல ஒரு மண்ணும் புரியல. இன்னொண்ணு, பாக்ஸ் 12ல டிடின்னு போட்டு 19,850.00 இருக்கு, அதையும் என் வருமானத்தோட சேத்து டேக்ஸ் கட்டணுமா? அத பாத்ததுல இருந்து நேத்து ராத்திரி தூக்கம் போச்சு.

---

ஒண்ணும்_ஒண்ணும்_ரெண்டு

ப்ரோ மொதல்ல தூங்குங்க, டிடிக்கு டேக்ஸ் கிடையாது. அது உங்க ஹெல்த் இன்சூரன்சுக்கு கம்பெனி கட்டினது நீங்க கட்டினது எல்லாம் சேந்த மொத்த செலவு, சும்மா தகவலுக்கு போடுறது, ரிட்டர்ன்ல எந்த கூட்டலுக்கும் போகாது.

இப்ப அந்த 15,000க்கு வருவோம். நீங்க சொன்ன ஃபார்ம் 16 கம்பேரிசன்லயே பாதி பதில் இருக்கு பாருங்க, ஃபார்ம் 16 கணக்கு போட்டு வழிமுறையோட காட்டும், டபிள்யூ-2 விடைய மட்டும் எழுதி வச்சிட்டு போயிடும், ஸ்டெப்ஸ் எல்லாம் கடைசி பேஸ்டப்ல தான் இருக்கும், அதனால டபிள்யூ-2வ தனியா வச்சு எவ்ளோ முறைச்சாலும் ஒண்ணும் தெரியாது, பக்கத்துல டிசம்பர் பேஸ்டப்ப வைக்கணும்.

பேஸ்டப்ல ப்ரீ-டேக்ஸ் டிடக்‌ஷன்னு ஒரு பகுதி இருக்கும், அதுல ஒய்டிடி நம்பர் எல்லாம் எடுத்து இங்க போடுங்க. 401கே (ரிட்டயர்மென்ட் சேமிப்பு), மெடிக்கல், டென்டல், எச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கான சேமிப்பு), என்னென்ன இருக்கோ எல்லாமே.

---

எடிசன்_புதுசு

நன்றி ப்ரோ. எடுத்துட்டேன். 401கே 8 பர்சன்ட் போடுறேன், வருஷத்துக்கு 8,976. மெடிக்கல்+டென்டல்+விஷன் எல்லாம் சேத்து பேசெக்குக்கு 180, ஆக 4,680. எச்எஸ்ஏ 50, ஆக 1,300. எச்எஸ்ஏல கம்பெனி எதுவும் போடுறதில்ல.

---

ஒண்ணும்_ஒண்ணும்_ரெண்டு

சூப்பர், இது போதும்.

112,200ல 8,976 போனா 103,224. அதுல 4,680 போனா 98,544. அதுல 1,300 போனா 97,244. உங்க பாக்ஸ் 1 97,388. பாத்தீங்களா காசு எங்கயும் போகல, 401கே உங்க பேர்லயே இருக்கு, எச்எஸ்ஏ உங்க பேர்லயே இருக்கு, மெடிக்கலுக்கு போனது மட்டும் தான் செலவு. இந்த மூணுக்கும் ஃபெடரல் இன்கம் டேக்ஸ் இல்லாததால பாக்ஸ் 1ல கழிச்சுட்டு போடுறாங்க.

பாக்ஸ் 3, 5 சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும், அதாவது அரசாங்க பென்ஷனுக்கும் வயசானவங்க மருத்துவத்துக்கும் போற வரிக்கான சம்பளம். இதுல 401கேவ கழிக்க மாட்டாங்க, அதுக்கு இந்த ரெண்டு வரியும் உண்டு. மெடிக்கலும் பேரோல் வழியா போற எச்எஸ்ஏவும் இதுலயும் கழியும். 112,200 - 4,680 - 1,300 = 106,220. உங்களுக்கு 106,364.

ஆனா ரெண்டு எடத்துலயும் கரெக்டா 144 டாலர் இடிக்குது. 97,388 - 97,244 = 144, 106,364 - 106,220 = 144. ரெண்டுலயும் ஒரே நம்பர் வர்றதால தப்பு இல்ல, எதையோ கூட்டியிருக்காங்க. என்னன்னு எனக்கு பிடிபடல, ஜிம் மெம்பர்ஷிப், கிஃப்ட் கார்டு மாதிரி கம்பெனி ஏதாவது குடுத்துச்சா? கிஃப்ட் கார்டு குடுத்தா அது சம்பளக் கணக்குல தான் வரும். யாராவது தெரிஞ்சவங்க சொல்லுங்க, எனக்கே இப்ப தூக்கம் வராது போல.

---

பேரோல்_அக்கா

அந்த 144 கிஃப்ட் கார்டு இல்ல தம்பி. பாக்ஸ் 12ல டிடிக்கு மேல ஒரு சி இருக்கணுமே, பாத்தீங்களா? எல்லாரும் பெரிய நம்பர பாத்து பயந்துட்டு சின்ன நம்பர விட்டுருவீங்க.

சின்னா உங்க லைஃப் இன்சூரன்ஸ். கம்பெனி தர்ற குரூப் டெர்ம் லைஃப்ல 50,000 டாலர் கவர் வரைக்கும் உங்களுக்கு வரி இல்ல. அதுக்கு மேல இருக்குற கவருக்கு ஐஆர்எஸ் வயசு வாரியா ஒரு ரேட் டேபிள் வச்சிருக்கு, அந்த ரேட்டுல கணக்கு போட்டு அந்தத் தொகைய உங்க சம்பளத்தோட கூட்டிருவாங்க. 30ல இருந்து 34 வயசு வரைக்கும் ஒவ்வொரு ஆயிரம் டாலர் கவருக்கும் மாசம் 8 சென்ட். உங்க கவர் ரெண்டு லட்சம் டாலரா இருந்தா 50,000 போக மிச்சம் ஒன்றரை லட்சம், அதாவது 150 ஆயிரம். 150 × 0.08 = 12, பன்னெண்டு மாசத்துக்கு 144. உங்க வயசும் அந்த 30-34க்குள்ளன்னா கணக்கு தேறும் 🙂

(பேரோல்ல பதினெட்டு வருஷம் இருந்தவ நான். ஜனவரி கடைசி வாரம் வந்தாலே ஃபோன் அடிச்சுக்கிட்டே இருக்கும், பத்துல எட்டு பேர் கேக்குறது இதே கேள்வி தான், பாக்ஸ் 1 ஏன் கம்மின்னு. அந்த எச்ஆர் ஒத்த வரியில பதில் சொன்னதுக்கு நான் சப்போர்ட் பண்ணல, ஆனா ஏன்னு புரியுது.)

அடுத்து பாக்ஸ் 16, இத யாரும் இன்னும் தொடல. ஃபெடரல் ரூல் வேற, ஸ்டேட் ரூல் வேற. நியூ ஜெர்சி 401கேவ மட்டும் கழிக்க விடும். மெடிக்கல் பிரீமியத்த சம்பளத்துல இருந்து ப்ரீ-டேக்ஸா பிடிச்சாலும் நியூ ஜெர்சி அத ஒத்துக்காது, எச்எஸ்ஏவையும் ஒத்துக்காது. அதனால 112,200 - 8,976 + 144 = 103,368. அச்சு பிசகாம உங்க பாக்ஸ் 16. கலிஃபோர்னியாவும் எச்எஸ்ஏவ ஒத்துக்காது, ஆனா மெடிக்கல் பிரீமியத்த ஒத்துக்கும். டெக்சாஸ்ல இருந்தா ஸ்டேட் இன்கம் டேக்சே இல்ல, அந்த வரிசையே காலியா இருக்கும், அதையும் ஒரு ஆள் தொலைஞ்சு போச்சுன்னு நெனச்சு ஃபோன் பண்ணார்.

ஆக உங்க கேள்விக்கு பதில், மூணுமே உங்க சம்பளம் தான். ஃபெடரல் பாக்குற சம்பளம் ஒண்ணு, சோஷியல் செக்யூரிட்டி பாக்குறது ஒண்ணு, நியூ ஜெர்சி பாக்குறது ஒண்ணு. உங்க ஆஃபர் லெட்டர்ல இருக்குற சம்பளத்துக்கு டபிள்யூ-2ல எடமே கிடையாது.

செக் பண்ண ஒரு சின்ன வழி சொல்றேன், வருஷா வருஷம் பண்ணுங்க. பாக்ஸ் 3 × 6.2% = பாக்ஸ் 4. பாக்ஸ் 5 × 1.45% = பாக்ஸ் 6. உங்களது 106,364 × 0.062 = 6,594.57, சரி. 106,364 × 0.0145 = 1,542.28, அதுவும் சரி. சென்ட் கணக்குல முன்னப்பின்ன இருந்தா ரவுண்டிங், டாலர் கணக்குல இடிச்சா தான் கேக்கணும்.

பாக்ஸ் 14ல யூஐ, டிஐ, எஃப்எல்ஐன்னு (வேலை போனா, உடம்பு முடியாம போனா, குடும்பத்துக்காக லீவு எடுத்தா உதவுற ஸ்டேட் இன்சூரன்ஸ்) சில்லறை நம்பரா இருக்கும், அது நியூ ஜெர்சிக்காரங்களுக்கு உண்டானது, கவலைப்படாதீங்க.

---

எடிசன்_புதுசு

அக்கா!!! பாக்ஸ் 12ஏல சி 144.00ன்னு நிஜமாவே இருக்கு. டி 8,976, டபிள்யூ 1,300, கடைசியில டிடி. இப்ப தான் எல்லாம் கண்ணுக்குத் தெரியுது. பெனிஃபிட்ஸ் போர்ட்டல்ல போய் பாத்தேன், கவர் கரெக்டா 200,000. வயசும் 33 தான். எனக்கு இப்படி ஒரு இன்சூரன்ஸ் இருக்குன்னே இன்னைக்கு தான் தெரியும்.

வொய்ஃப் பக்கத்துல உக்காந்து ஒரு கேள்வி கேக்குறாங்க, பாக்ஸ் 4ல போன 6,594 நமக்கு எப்ப திரும்ப வரும்னு. என்ன சொல்றது?

இன்னொண்ணு, பாக்ஸ் 2ல ஃபெடரல் வரின்னு பிடிச்ச 13,039 அதிகமா இல்ல?

---

பேரோல்_அக்கா

உங்க வொய்ஃப் தான் வீட்டுல விவரமானவங்க.

சோஷியல் செக்யூரிட்டி பென்ஷனுக்கு 40 கிரெடிட் வேணும். வருஷத்துக்கு அதிகபட்சம் 4 தான் கிடைக்கும், அதனால பத்து வருஷ வேலை. 2025ல 1,810 டாலர் சம்பாதிச்சா ஒரு கிரெடிட், ஆக 7,240 வந்தாலே அந்த வருஷத்துக்கு நாலும் விழுந்துரும். சிக்கல் என்னன்னா சில நாடுகளோட அமெரிக்காவுக்கு ஒரு ஒப்பந்தம் இருக்கு, அங்க வேலை பாத்த வருஷத்தையும் இங்க வேலை பாத்ததையும் சேத்துக்குவாங்க, இந்தியாவோட அது கிடையாது. ஆறு வருஷத்துல ஊருக்கு கிளம்பிட்டா கட்டினது கட்டினது தான், கூப்பிட்டு திருப்பிக் குடுக்க மாட்டாங்க. எனக்கே இதுல வருத்தம் உண்டு, ஆனா சட்டம் அப்படி.

பாக்ஸ் 2 விஷயம். வேலைக்கு சேரும்போது டபிள்யூ-4ல (எவ்ளோ வரி பிடிக்கணும்னு கம்பெனிக்கு சொல்ற ஃபார்ம்) சிங்கிள்னு டிக் போட்டீங்களா? உங்க நம்பர பாத்தா அப்படித்தான் தெரியுது, சிங்கிள் ரேட்டுல தான் பிடிச்சிருக்காங்க. வொய்ஃப் 2025 முழுசும் இங்க தானே இருந்தாங்க, ஜாயின்டா ஃபைல் பண்ணலாம். 2025க்கு ஜாயின்ட் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 31,500. 97,388ல அது போனா 65,888. மொத 23,850க்கு 10 பர்சன்ட், மிச்சத்துக்கு 12 பர்சன்ட், எல்லாம் சேத்து சுமார் 7,430. பிடிச்சது 13,039. வேற வருமானம் இல்லன்னா 5,600 பக்கம் திரும்ப வரும்.

வந்ததும் கவர்மென்ட் குடுத்துச்சுன்னு ஸ்வீட் வாங்காதீங்க, அது உங்க காசு, ஒரு வருஷமா வட்டி இல்லாம அங்க கெடந்துச்சு. டபிள்யூ-4 மாத்திக் குடுங்க, இனிமே மாசாமாசம் கையில வரட்டும்.

ஊர்ல எஃப்டி, என்ஆர்இ வட்டி ஏதாவது இருக்கா? என்ஆர்இ வட்டிக்கு அங்க வரி இல்ல, இங்க உண்டு, டபிள்யூ-2ல அது வராது, நீங்களா தான் சேக்கணும். ஊர் அக்கவுன்ட் எல்லாம் சேத்து வருஷத்துல ஒரு நாளாவது 10,000 டாலர தாண்டியிருந்தா எஃப்பார்னு வெளிநாட்டு அக்கவுன்ட் விவரம் தனியா போடணும், மறந்துறாதீங்க.

வொய்ஃப்க்கு எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) இருக்காது, அதுக்கு பதிலா ஐடிஐஎன்ங்கிற டேக்ஸ் நம்பர் வேணும். அதுக்கான டபிள்யூ-7 ஃபார்ம ரிட்டர்னோடயே சேத்து பேப்பர்ல அனுப்பணும். பாஸ்போர்ட் ஒரிஜினல தபால்ல அனுப்ப மனசு வரலன்னா சர்ட்டிஃபையிங் அக்செப்டன்ஸ் ஏஜென்ட்னு இருப்பாங்க, அவங்ககிட்ட நேர்ல காட்டலாம்.

---

சாண்ட்விச்_சங்கர்லால்

நடுவுல புகுந்துக்குறேன், கோச்சுக்காதீங்க. எனக்கு ரெண்டு டபிள்யூ-2. ஜூலையில கம்பெனி மாறினேன். மொத கம்பெனி பாக்ஸ் 3ல 98,000, ரெண்டாவதுல 94,000. என் ரூம்மேட் சொல்றான் சோஷியல் செக்யூரிட்டிக்கு ஒரு லிமிட் இருக்கு நீ எக்ஸ்ட்ரா கட்டியிருக்கன்னு, அவன் எப்பவும் இப்படி ஏதாவது அடிச்சு விடுவான், நெஜமா?

---

ஒண்ணும்_ஒண்ணும்_ரெண்டு

இந்த வாட்டி ரூம்மேட் சொன்னது உண்மை. 2025க்கு லிமிட் 176,100, அதோட 6.2% 10,918.20. அதுக்கு மேல ஒரு ஆள்கிட்ட பிடிக்கக் கூடாது. ஆனா ரெண்டாவது கம்பெனிக்கு மொத கம்பெனி எவ்ளோ பிடிச்சான்னு தெரியாது, அவன் பூஜ்யத்துல இருந்து ஆரம்பிப்பான்.

6,076 + 5,828 = 11,904. அதுல 10,918.20 போக 985.80 உங்களுக்கு வரணும். கம்பெனிய கேக்க வேணாம், 1040ல (ஃபெடரல் வருஷ ரிட்டர்ன் ஃபார்ம்) ஷெட்யூல் 3ல லைன் 11ல கிளெய்ம் பண்ணிக்கலாம், ரெண்டு டபிள்யூ-2வையும் சாஃப்ட்வேர்ல ஒழுங்கா போட்டாலே அதுவே எடுத்துக்கும். ஒரே கம்பெனி லிமிட்டுக்கு மேல பிடிச்சிருந்தா தான் கம்பெனிகிட்ட கேக்கணும்.

மெடிகேருக்கு லிமிட் கிடையாது. அதுல இன்னொரு வில்லங்கம் இருக்கு, ஒரே கம்பெனியில 200,000 தாண்டினா தான் கூடுதல் 0.9% பிடிப்பாங்க, ரெண்டு கம்பெனி சேந்து தாண்டினா எவனும் பிடிக்க மாட்டான், ஏப்ரல்ல நீங்க தான் கட்டணும். உங்களுக்கு 192,000 தான், தப்பிச்சீங்க.

---

பேரோல்_அக்கா

ரெண்டு கம்பெனியும் நியூ ஜெர்சின்னா பாக்ஸ் 14ல இருக்குற யூஐ, டிஐ, எஃப்எல்ஐயும் இதே மாதிரி டபுளா போயிருக்கும் சங்கர்லால், அதுக்கும் வருஷத்துக்கு ஒரு உச்சவரம்பு இருக்கு. என்ஜே-2450 ஃபார்ம்ல ஸ்டேட்கிட்ட கேக்கலாம். அத நெறைய பேர் விட்டுடுறாங்க.

---

ஆஸ்டின்_ஆறுமுகம்

டெக்சாஸ் ஆள், எங்களுக்கு பாக்ஸ் 16 தொல்லை இல்ல. ஆனா ஆர்எஸ்யூ (சம்பளத்தோட கம்பெனி குடுக்குற ஷேர்) இருக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை, நான் 2022ல நல்லா அடி வாங்கினதால சொல்றேன்.

ஷேர் வெஸ்ட் ஆன அன்னைக்கு, அதாவது உங்க கைக்கு வந்த அன்னைக்கு, அதோட விலை அப்படியே பாக்ஸ் 1, 3, 5ல சம்பளமா சேந்துரும். பாக்ஸ் 14ல ஆர்எஸ்யூன்னு தனியா காட்டுவான், அத பாத்துட்டு திரும்ப கூட்டாதீங்க, ஏற்கனவே உள்ள தான் இருக்கு. நான் அத கூட்டல, அந்த அளவுக்கு விவரம் இருந்துச்சு, ஆனா விக்கும்போது மாட்டினேன். உதாரணத்துக்கு 100 ஷேர், வெஸ்ட் ஆகும்போது 80 டாலர், அப்ப 8,000 சம்பளத்துல வந்துருச்சு. 82க்கு வித்தா கையில 8,200, லாபம் வெறும் 200 தான். ஆனா ஷேர் வித்த கணக்குன்னு பிரோக்கர் அனுப்புற 1099-பில காஸ்ட் பேசிஸ் (வாங்கின விலை) பூஜ்யம்னு வரும், இல்ல காலியா வரும். அத அப்படியே தூக்கி போட்டா 8,200க்கும் லாபம்னு கணக்காகி அந்த 8,000க்கு ரெண்டாவது தடவ வரி கட்டுவீங்க. நான் கட்டினேன், அப்பறம் 1040-எக்ஸ்ங்கிற திருத்தின ரிட்டர்ன் போட்டு மாசக்கணக்குல உக்காந்து வாங்கினேன். பிரோக்கர் சைட்ல சப்ளிமெண்டல் ஸ்டேட்மென்ட்னு ஒண்ணு கெடக்கும், சரியான பேசிஸ் அதுல தான் இருக்கும், ஷேர் வித்தத காட்டுற 8949 ஃபார்ம்ல அத போடுங்க.

அப்பறம் ஆர்எஸ்யூவுக்கும் போனசுக்கும் பொதுவா 22% தான் பிடிப்பாங்க. நீங்க 32% பிராக்கெட்ல இருந்தா மிச்ச பத்து பர்சன்ட் ஏப்ரல் 15க்குள்ள உங்க பாக்கெட்ல இருந்து தான் போகும், அந்தக் காச செலவு பண்ணிட்டு முழிக்காதீங்க.

---

ஓபிடி_பையன்

அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம், நான் எஃப்-1 ஸ்டூடன்ட் விசாவுல ஸ்டெம் ஓபிடி (படிப்பு முடிச்சப்புறம் வேலை பாக்குற அனுமதி). 2021 ஆகஸ்ட்ல வந்தேன். என் ஃப்ரெண்ட்ஸ் டபிள்யூ-2ல பாக்ஸ் 3ல இருந்து 6 வரைக்கும் காலியா இருக்கு, எனக்கு மட்டும் நம்பர் இருக்கு. சம்பளம் 84,000. பாக்ஸ் 4ல 5,208, பாக்ஸ் 6ல 1,218. மேனேஜர்கிட்ட கேட்டா "எல்லாருக்கும் பிடிக்கிறது தான், காலியா இருக்குறவனுக்கு தான் பிராப்ளம் வரும்"னு சொல்றாரு. யாரு கரெக்ட்?

---

பேரோல்_அக்கா

உங்க ஃப்ரெண்ட்ஸ் தான் கரெக்ட். உங்க மேனேஜருக்கு இது தெரியல, பாவம் தெரிய வேண்டிய அவசியமும் இல்ல, பேரோலுக்கு தெரிஞ்சிருக்கணும்.

எஃப்-1ல வந்து மொத அஞ்சு காலண்டர் வருஷம் நான்-ரெசிடென்ட், அது வரைக்கும் ஓபிடில வேலை பாத்தாலும் ஃபைகா (சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் ரெண்டு வரியும் சேந்தது) கிடையாது. ஆகஸ்ட்ல வந்தாலும், ஏன் டிசம்பர் 31 வந்து எறங்கியிருந்தாலும், அந்த வருஷம் முழு வருஷமா தான் கணக்கு. உங்களுக்கு 21, 22, 23, 24, 25 ஆக அஞ்சு. 2025 முழுசும் பிடிச்சிருக்கக் கூடாது. 5,208 + 1,218 = 6,426 உங்க காசு.

மொதல்ல கம்பெனிகிட்டயே கேளுங்க. கேக்கும்போது ஒரு விஷயம் சொல்லுங்க, வேலை வேகமா நடக்கும்: உங்ககிட்ட பிடிச்ச 7.65% மாதிரியே கம்பெனியும் தன் பங்குக்கு 7.65% கட்டியிருக்கு. உங்களுக்கு திருப்பினா அவங்களுக்கும் 6,426 திரும்ப வரும். அவங்க 941-எக்ஸ்ங்கிற திருத்த ஃபார்ம் போட்டுட்டு உங்களுக்கு டபிள்யூ-2சி (திருத்தின டபிள்யூ-2) தருவாங்க. முடியாதுன்னா அத எழுத்துல வாங்கிக்கிட்டு நீங்களே ரீஃபண்ட் கேக்குற ஃபார்ம் 843, கூட 8316 வச்சு ஐஆர்எஸ்க்கு அனுப்பலாம். டபிள்யூ-2, ஐ-94, ஐ-20, இஏடி காப்பி எல்லாம் வைக்கணும். வருஷ ரிட்டர்ன்ல இத ரீஃபண்டா கேக்க முடியாது, அது வேற ரூட்டு.

ரிட்டர்ன் நான்-ரெசிடென்ட்டுக்கான 1040-என்ஆர் தம்பி, சாதா 1040 இல்ல. சாஃப்ட்வேர்ல "நான் ரெசிடென்ட்"னு தெரியாம கிளிக் பண்ணிட்டு அப்பறம் எச்-1பிக்கு போகும்போது பயந்துட்டு திருத்துறவங்க எத்தனையோ பேர். இந்தியாவுல இருந்து வந்த ஸ்டூடன்ட்னா இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தத்தோட 21(2)ல ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுக்கலாம், வேற நாட்டுப் பசங்களுக்கு பெரும்பாலும் அது இல்ல. 2025க்கு சிங்கிள்னா 15,750.

2026 ஜனவரியில இருந்து அஞ்சு வருஷம் முடிஞ்சுது. இந்த வருஷம் பூரா இங்க இருந்தீங்கன்னா ரெசிடென்ட், ஓபிடியா இருந்தாலும் ஃபைகா பிடிக்கிறது சரி தான். அப்ப வந்து சண்டை போடாதீங்க.

---

ஓபிடி_பையன்

அக்கா கோடி நன்றி. 6,426!!! என் ரெண்டு மாச வாடகைய விட ஜாஸ்தி. அந்த 7.65 டயலாக்க அப்படியே மெயில்ல போடப் போறேன்.

---

சாண்ட்விச்_சங்கர்லால்

ஒரு சின்ன டவுட்டு கடைசியா. மொத கம்பெனி தபால்ல அனுப்பின டபிள்யூ-2ல ஒரே ஷீட்ல நாலு கட்டம் இருக்கு, நாலுலயும் அதே நம்பர். நாலையும் போடணுமா? அப்பறம் என் எஸ்எஸ்என் முழுசா இல்ல, எக்ஸ் எக்ஸ் போட்டு கடைசி நாலு நம்பர் தான் இருக்கு, அது தப்பா?

---

பேரோல்_அக்கா

ஐயோ நாலையும் போட்டுறாதீங்க! ஒருத்தர் நெஜமாவே போட்டு, சம்பளம் நாலு மடங்கு, பிடிச்ச வரியும் நாலு மடங்குன்னு ஃபைல் பண்ணி, ஐஆர்எஸ் லெட்டர் வந்ததும் எங்க ஆபீசுக்கு ஃபோன் போட்டார். ஒண்ணு ஃபெடரலுக்கு, ஒண்ணு ஸ்டேட்டுக்கு, ஒண்ணு சிட்டி மாதிரி எங்கயாவது வேணும்னா அதுக்கு, ஒண்ணு நீங்க வச்சுக்க. பழைய காலத்துல கிழிச்சு ரிட்டர்னோட பின் அடிச்சு அனுப்புவாங்க, அதுக்குத் தான் நடுவுல அந்த ஓட்டை வரிசை. ஈ-ஃபைல்ல ஒரு தடவ டைப் பண்ணா போதும்.

எஸ்எஸ்என் மறைக்கிறது சட்டப்படி சரி, உங்க காப்பியில மறைக்கலாம். ஆனா கடைசி நாலு நம்பரையும் பேரையும் எழுத்து எழுத்தா பாருங்க. நம்மாளுங்க பேர்ல இனிஷியல், அப்பா பேர் எல்லாம் கலந்து சோஷியல் செக்யூரிட்டி கார்டுல ஒரு மாதிரி, பேரோல்ல ஒரு மாதிரி இருக்கும். பேர் பொருந்தலன்னா நீங்க கட்டினது உங்க கிரெடிட் கணக்குல ஏறாம போகலாம். தப்பு இருந்தா டபிள்யூ-2சி கேட்டு வாங்குங்க, நீங்களா பேனாவால திருத்தாதீங்க.

---

எடிசன்_புதுசு | பிப்ரவரி 8, 2026

அப்டேட். டபிள்யூ-4ல மேரீட் ஃபைலிங் ஜாயின்ட்லின்னு மாத்தியாச்சு. எச்ஆர்கிட்ட இந்த வாட்டி "என் காசு எங்க"ன்னு கேக்காம "பாக்ஸ் 12 சி கவர் தொகைய கன்ஃபர்ம் பண்ணுங்க"ன்னு கேட்டேன், பத்து நிமிஷத்துல பதில் வந்துருச்சு. ஊர் எஃப்டி வட்டி சேத்துக்கிட்டேன், ரீஃபண்ட் கொஞ்சம் கொறையும், பரவால்ல. டபிள்யூ-7க்கு பக்கத்துல ஒரு ஏஜென்ட் கிடைச்சிருக்கார், சனிக்கிழமை பாஸ்போர்ட்டோட போறோம்.

அப்பறம் உக்காந்து இன்னொரு கணக்கும் போட்டேன். அந்த 144 டாலருக்கு 12 பர்சன்ட் 17.28, ஃபைகா 11.02. இப்படி ஒரு இன்சூரன்ஸ் இருக்குன்னே தெரியாம அதுக்கு 28 டாலர் 30 சென்ட் வரி கட்டியிருக்கேன், நியூ ஜெர்சி தனி. வொய்ஃப்கிட்ட சொன்னதுக்கு அவங்க கேட்ட மொத கேள்வி, நாமினியில யார் பேர் இருக்கு. போய் பாத்தா காலியா இருக்கு. இப்ப தான் போட்டேன், பக்கத்துல நின்னு பாத்துட்டு தான் போனாங்க.

---

பேரோல்_அக்கா

நான் தான் சொன்னேனே, வீட்டுல யாரு விவரம்னு 🙂 அடுத்த வருஷம் 34, அதே 8 சென்ட் தான். 35 ஆனா 9 சென்ட்டுக்கு போகும், 162 வரும், அப்ப வந்து காசு ஏன் ஏறிச்சுன்னு கேக்கக் கூடாது.